தனி இல்லாத கச்சேரி

2021 செப்டம்பர் 26 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் பெரிய உள்ளரங்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சி தொடங்கியபோது மேடையில் யாரும் இல்லை. டிரம்ஸ் ஒலி மட்டும் கேட்டது. திரையில் சார்லி வாட்ஸின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவர் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1963 முதல் அந்த டிரம்ஸ் இருக்கை அவருடையது. படங்கள் முடிந்து விளக்கு வந்தபோது அந்த இருக்கையில் ஸ்டீவ் ஜோர்டான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது வயது 64. அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் முன்பே தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கை பட்ட ஒலியைக் கேட்காதவர்கள் அங்கே அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அலிஷியா கீஸ் பாடிய 'இஃப் ஐ ஏன்ட் காட் யூ'வில் பியானோவுக்குப் பின்னால் நடப்பவர் அவர்தான். ஜான் மேயரின் 'கிராவிட்டி'யிலும் அவர்தான்.

இதே செயின்ட் லூயிஸில் 1986 அக்டோபரில், ஃபாக்ஸ் தியேட்டரில், ஜோர்டான் இன்னொரு பெரியவருக்கு வாசித்தார். சக் பெர்ரிக்கு 60 வயது நிறைந்ததையொட்டி நடந்த அந்தக் கச்சேரியை டெய்லர் ஹாக்ஃபோர்ட் படமாக்கினார். 'ஹெய்ல்! ஹெய்ல்! ராக் 'என்' ரோல்' என்ற பெயரில் அது அடுத்த ஆண்டு வெளிவந்தது. இசைக்குழுவைச் சேர்த்தவர் கீத் ரிச்சர்ட்ஸ். அந்தப் படத்தை நான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். பெர்ரி ரிச்சர்ட்ஸை ஒத்திகையில் படுத்தும் பாட்டைத்தான் எல்லாரும் பேசுவார்கள். என் கண் ஒவ்வொரு தடவையும் பியானோவில் இருக்கும் ஜானி ஜான்சன் மீது போய் நிற்கிறது. 1950களில் பெர்ரியின் பாடல்கள் உருவானபோது பக்கத்தில் பியானோ வாசித்தவர் அவர். படம் எடுத்த காலத்தில் அதே ஊரில் முதியவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பெர்ரியின் பல பாடல்கள் கிதாருக்கு வசதியில்லாத, பியானோவுக்கு வசதியான சுருதிகளில் இருப்பதைச் சுட்டி, அவற்றில் ஜான்சனுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று ரிச்சர்ட்ஸ் வாதிட்டார். 2000இல் ஜான்சன் வழக்கே போட்டார். காலம் கடந்துவிட்டது என்று 2002இல் தள்ளுபடி ஆயிற்று. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2001இல் அவரைச் சேர்த்துக்கொண்டது, எந்தப் பிரிவில் என்றால் 'சைட்மேன்' பிரிவில். நம் மொழியில் சொன்னால் பக்கவாத்தியக்காரர்.

அந்த மேடையில் ஜான்சனுக்குச் சில அடி தள்ளி உட்கார்ந்திருந்த 29 வயது டிரம்மர், அதே கதி தனக்கு நேராமல் பார்த்துக்கொண்டார் என்பதுதான் இந்தக் கட்டுரைக்குப் பொருள். அதில் அவர் பெற்றது என்ன, அதற்கு அவர் இசை கொடுத்த விலை என்ன என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

முதலில் ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். 1957இல் நியூயார்க்கில் பிறந்தவர். அங்கேயே ஹை ஸ்கூல் ஆஃப் மியூசிக் அண்ட் ஆர்ட்டில் படித்தவர். பதின்வயதிலேயே ஸ்டீவி வொண்டரின் குழுவில் வாசித்தார். பிறகு 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சிக் குழு, 1978இல் வெளியான ப்ளூஸ் பிரதர்ஸின் முதல் ஆல்பம், 1982 முதல் டேவிட் லெட்டர்மனின் இரவு நிகழ்ச்சியில் பால் ஷாஃபரின் குழு. நடுநடுவே ஸ்டூடியோ வேலை. டொனால்ட் ஃபேகனின் 'தி நைட்ஃபிளை' ஆல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் ஜோர்டான். கூப்பிட்டார்கள், போனார், வாசித்தார், காசு வாங்கிக்கொண்டு வந்தார்.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் செஷன் வாத்தியக்காரருக்கு இசைக்கலைஞர் சங்கம் வகுத்த கூலி உண்டு. மூன்று மணி நேரம் ஒரு செஷன், இவ்வளவு டாலர். பாட்டு பத்து லட்சம் விற்றாலும் பத்து விற்றாலும் அடிப்படைக் கூலி அதேதான். காப்புரிமைச் சட்டம் பாட்டு என்று பார்ப்பது மெட்டையும் சொல்லையும்தான். தாளத்துக்கு அங்கே இடமில்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1969இல் ஒலிப்பதிவானது. பாட்டின் பெயரிலேயே டிரம்மர் இருக்கிறார், ஆனால் அதை வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் பாட்டை எழுதியவர்களில் இல்லை. அந்தச் சில நொடி டிரம்ஸை வெட்டியெடுத்து ஹிப்-ஹாப்காரர்கள் நூற்றுக்கணக்கான பாடல்களைக் கட்டினார்கள். பாட்டை எழுதியவராக அவர் கணக்கில் வராததால் அந்த வழியாக அவருக்கு வர வேண்டிய காசும் வரவில்லை. இதோடு 1980இல் ரோஜர் லின்னின் டிரம் இயந்திரம் வந்தது. உண்மையான டிரம்ஸ் ஒலிகளைப் பதிந்து வைத்துக்கொண்டு, கூலி கேட்காமல், நேரம் தவறாமல் வாசிக்கும் பெட்டி. ஸ்டூடியோக்களில் டிரம்மர்களின் தேவை குறைய ஆரம்பித்தது.

இந்தக் கதையின் இன்னொரு பிரதியை நாம் கோடம்பாக்கத்தில் பார்த்திருக்கிறோம். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் கையை நம் தலைமுறை முழுக்கக் கேட்டு வளர்ந்தது. கேசட் அட்டையில் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 1992இல் 'ரோஜா'வுக்குப் பின் கணினி வந்து வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை போனது. ஆனால் கேசட்டுக்குள் மடித்து வைத்த தாளில் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று அச்சடிப்பதைப் பழக்கமாக்கியவரும் ரஹ்மான்தான். ஆளைக் குறைத்தவரே மிஞ்சியவர்களின் பெயரையும் போட்டார். இந்த முரணைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

ஜோர்டானுக்குத் திரும்புவோம். 1980களின் நடுவில் அவர் முன்னால் இருந்தவை, இயந்திரத்தோடு போட்டி போடுவது, அல்லது மேடைகளோடு நின்றுவிடுவது, அல்லது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்வது. அந்தப் பக்கம் இருப்பவர் தயாரிப்பாளர். நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். இங்கே அந்தச் சொல்லுக்கு ஆல்பத்தின் இயக்குநர் என்று பொருள்: யார் வாசிப்பது, எந்த வேகத்தில், எந்த டேக்கை வைத்துக்கொள்வது, மைக்கை எங்கே வைப்பது, எங்கே சும்மா இருப்பது என்று முடிவு செய்பவர். அவருக்குக் கூலியோடு விற்பனையில் சதவீதமும் உண்டு.

இயக்குபவர் வேறொருவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீல் யங்கின் 'லேண்டிங் ஆன் வாட்டர்' (1986) இருக்கிறது. டிரம்ஸ் ஜோர்டான், தயாரிப்பு யங்கும் டேனி கோர்ச்மாரும். சிந்தசைசர்களுக்கு நடுவே டிரம்ஸ் வீடு இடிக்கிற மாதிரி விழுகிறது. வாசிப்பில் குறையில்லை, ஆனால் பாட்டு ஒரு பக்கமும் டிரம்ஸ் ஒரு பக்கமும் நிற்கின்றன. இரண்டே வருடம் கழித்து கீத் ரிச்சர்ட்ஸின் முதல் தனி ஆல்பம் 'டாக் இஸ் சீப்' வந்தது. தயாரிப்பு ரிச்சர்ட்ஸும் ஜோர்டானும். 1988 என்பது ஸ்நேர் டிரம்மை எதிரொலியில் ஊறவைத்துப் பீரங்கி மாதிரி வெடிக்கவைத்த காலம். இந்த ஆல்பத்தில் ஸ்நேர் காய்ந்த கட்டையாகக் கேட்கிறது. அறைக்குள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள் என்று காதுக்குத் தெரிகிறது. ஜோர்டானும் பேஸ் கிதார் வாசித்த சார்லி டிரேட்டனும் அவ்வப்போது வாத்தியங்களை மாற்றிக்கொள்வார்கள். 'பிக் இனஃப்' பாட்டில் பேஸ் வாசிப்பவர் பூட்ஸி காலின்ஸ், சாக்ஸபோன் மேசியோ பார்க்கர், இருவருமே ஜேம்ஸ் பிரவுனிடம் இருந்தவர்கள். செயின்ட் லூயிஸில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஜானி ஜான்சனும் வந்து பியானோ வாசித்திருக்கிறார்.

அந்த ஆல்பத்தின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாடல்களை எழுதியவர்கள் என்ற இடத்தில் ரிச்சர்ட்ஸ், ஜோர்டான் என்று இருக்கிறது. ஸ்டோன்ஸின் சொந்தப் பாடல்களில் பெரும்பாலானவை ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயரில்தான். ஆரம்ப காலத்தில் குழு முழுவதற்குமாக வைத்துக்கொண்ட புனைபெயரைத் தவிர்த்தால், ஐம்பத்தெட்டு வருடம் தாளம் போட்ட வாட்ஸுக்கு அந்த வரிசையில் கிட்டத்தட்ட இடமே இல்லை. வீட்டுக்குள் கொடுக்காததை ரிச்சர்ட்ஸ் வெளியில் ஒரு டிரம்மருக்குக் கொடுத்தார். பெர்ரிக்கும் ஜான்சனுக்கும் நடந்ததை அருகிலிருந்து பார்த்ததும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ரிச்சர்ட்ஸின் அடுத்த இரண்டு தனி ஆல்பங்களிலும், கடைசியாக 2015இல் வந்த 'கிராஸ்ஐட் ஹார்ட்' வரை, ஜோர்டான் தயாரிப்பில் இருக்கிறார்.

நான் ஜோர்டானைக் கண்டுபிடித்தது இவற்றால் அல்ல. 2003இல் எம்.எஸ். படிக்க வந்து, முடித்து, நியூ ஜெர்சியில் முதல் வேலையில் சேர்ந்த காலத்தில் ஜான் மேயரின் 'கன்டினியம்' வெளிவந்தது. 2006 செப்டம்பர். ஒரு வங்கியின் பழைய பணப்பரிமாற்ற மென்பொருளைப் புதியதற்கு மாற்றும் குழுவில் என்னை ஆலோசகனாகப் போட்டிருந்தார்கள். மாற்றும் இரவு ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒன்றும் நடக்காததுதான் வெற்றி. காலையில் வந்த நன்றி மடலில் ஒப்பந்தக்காரர்கள் எவர் பெயரும் இல்லை. வருத்தமெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டே கீழே காருக்குப் போய், குறுந்தகட்டைப் போட்டுவிட்டு அதன் அட்டையைப் புரட்டினேன். அன்றைக்குப் பெயர்களைப் படிக்கிற மனநிலை. தயாரிப்பு: ஜான் மேயர், ஸ்டீவ் ஜோர்டான். டிரம்ஸ்: ஸ்டீவ் ஜோர்டான். காதை டிரம்ஸில் மட்டும் வைத்துக் கேட்டால் 'கிராவிட்டி'யில் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. மும்மூன்றாக நடக்கும் மெதுவான தாளம். கிக் ஒன்று, ஸ்நேர் ஒன்று, நடுவில் ஹை-ஹாட். கிதார் ஏறுகிறது, குரல் ஏறுகிறது, டிரம்ஸ் இடத்தை விட்டு நகர்வதில்லை.

சில வருடங்களுக்கு முன் என் மகனுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரை வகுப்பு முடிந்து வீட்டில் கொண்டுவிடும்போது வண்டியில் இதே பாட்டு ஓடியது. மேற்கத்திய இசை அதிகம் கேட்காதவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காலப்பிரமாணம் அசையவே இல்லை சார். மனுஷன் கை நிறைய சரக்கு வச்சிண்டு எடுக்காம உக்காந்திருக்கார் பாருங்கோ, அதுதான் சிரமம்." பாலக்காடு மணி ஐயர் கீர்த்தனைக்கு வாசிக்கும்போது எந்த இடத்தில் கையை எடுப்பார் என்பதைப் பற்றி மீதி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வித்தியாசம் பிடிபட்டது. நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரம் அடங்கி வாசித்தாலும் தனி ஆவர்த்தனம் என்று கால் மணி நேரம் அவருக்கே உண்டு. அப்போது பாடகர் கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பார். (சபையில் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) ராக், சோல் ஆல்பங்களில் டிரம்மருக்கு அப்படியொரு நேரம் அனேகமாகக் கிடையாது. ஜோர்டான் புகழ்பெற்ற ஆல்பங்களில் தனி வாசித்ததாக எனக்கு நினைவில்லை. தனக்குக் கிடைக்காத அந்தக் கால் மணி நேரத்தை அவர் ஆல்பம் முழுவதற்கும் பரப்பிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் கையை எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்த டிரம்மர், மற்றவர்கள் கையை எங்கே எடுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்துக்குப் போனார். ராபர்ட் க்ரேயின் 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' (1999) கேளுங்கள். க்ரே அதற்கு முன்பே பெயர் வாங்கிய ப்ளூஸ்காரர், முந்தைய ஆல்பங்களில் கிதார்தான் பிரதானம். இதில் கிதார் சுருங்கி, குரல் முன்னால் வந்து, ஊதுவாத்தியங்கள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வருகின்றன. மெம்ஃபிஸ் சோல் மணம். ப்ளூஸ் பிரிவில் அதற்கு கிராமி கிடைத்தது.

இனி குறைகளுக்கு வருகிறேன். க்ரேயோடு தொடங்கிய வழியில் ஜோர்டான் மீண்டும் மீண்டும் நடந்தார். படி கை 2005இல், சாலமன் பர்க் 2008இல், பாஸ் ஸ்கேக்ஸ் 2013இல். ஸ்கேக்ஸின் ஆல்பத்துக்குப் பெயரே 'மெம்ஃபிஸ்', ஒலிப்பதிவு அந்த ஊரின் ராயல் ஸ்டூடியோவில், அதாவது வில்லி மிட்செல் 1970களில் ஆல் கிரீனின் பாடல்களைப் பதிவு செய்த அதே அறையில். 2017இல் க்ரேயையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். எல்லாம் நேர்த்தியான ஆல்பங்கள். ஒரு கறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்கலாம். ஆனால் மூன்றாவது தடவை கேட்கும்போது, பழைய வீட்டைப் புதுப்பித்து மக்களுக்குத் திறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. தூண் பளபளக்கிறது, அடுப்பில் தீ இல்லை. பாடகரிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தான் பக்கவாத்தியத்தின் அடக்கத்துக்குப் பொருள் உண்டு. மேயரோடு சேர்ந்து செய்த இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பமான 'பேட்டில் ஸ்டடீஸ்' (2009) இதற்கு நல்ல உதாரணம். 'கன்டினிய'த்தின் அதே கட்டுப்பாடு, அதே இருவர் தயாரிப்பு. நடுவில் இருக்கும் பாடல்கள் இளைத்துவிட்டன. டிரம்ஸ் அந்த இளைப்பை மறைக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. யாராவது ஒருவர் அந்த அறையில் மரியாதை இல்லாமல் நடந்திருக்க வேண்டும்.

மரியாதை இல்லாமல் நடப்பவர் வந்தபோது என்ன ஆனது என்பதற்கு பெட்டி லவெட் சாட்சி. 1946இல் பிறந்தவர், டெட்ராய்டில் வளர்ந்தவர். 16 வயதில், 1962இல், ஒரு வெற்றிப் பாட்டு. பத்து வருடம் கழித்து ஒரு பெரிய நிறுவனத்துக்காக ஒரு முழு ஆல்பம் பாடிக் கொடுத்தார், அவர்கள் அதை வெளியிடாமலே அலமாரியில் வைத்துவிட்டார்கள். அது வெளியே வர 28 வருடம் ஆனது, அதுவும் ஃபிரான்ஸில். அறுபது வயதை நெருங்கும்போதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2018இல் 'திங்ஸ் ஹாவ் சேஞ்ச்ட்' என்று முழுக்க முழுக்க பாப் டிலனின் பாடல்களாலான ஆல்பம். தயாரிப்பும் டிரம்ஸும் ஜோர்டான். பேஸ் கிதார் 'கன்டினிய'த்தில் வாசித்த பினோ பலடினோ, கிதார் டிலனின் மேடைக் குழுவிலேயே பல வருடம் இருந்த லாரி காம்பெல்.

லவெட் டிலனை வணங்குவதில்லை. வார்த்தைகளை இழுக்கிறார், கடிக்கிறார், சில இடங்களில் பாட்டைப் பிரதிவாதியாகக் கூண்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற மாதிரி இருக்கிறது. குரல் தாளத்துக்கு முன்னும் பின்னும் அலைகிறது. ஜோர்டானின் நகராத நடை இங்கேதான் அதன் முழு வேலையையும் செய்கிறது. பாடுபவர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஒரு திண்ணை இருக்கிறது. நாம் எல்லாரும் ஊர்வலப் பாட்டாகக் கேட்டுப் பழகிய 'தி டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சின்' இதில் இடுப்பை அசைக்கும் ஃபங்க்காக மாறியிருக்கிறது. அந்தப் பாட்டைக் கல்லூரி விடுதியில் கிதாரோடு பாடித் திரிந்தவன் என்ற முறையில் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மாற்றம் வரும் என்று 1964இல் அறிவித்த பாட்டை, அது வந்த லட்சணத்தைப் பார்த்துவிட்ட ஒரு கறுப்பினப் பெண் 72 வயதில் பாடினால் இப்படித்தான் இருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த எகத்தாளத்தில் பாதி லவெட்டின் தொண்டையில் இருக்கிறது, மீதி ஸ்நேரில். இருவரும் 2023இல் 'லவெட்!' என்று இன்னொரு ஆல்பமும் செய்திருக்கிறார்கள். அதுவும் நன்று, ஆனால் இதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

கடைசியாக ஸ்டோன்ஸ். ஸ்டோன்ஸுக்கு வெளியே வாசிப்பதாக இருந்தால் ஜோர்டான்தான் உனக்கு ஏற்ற ஆள் என்று 1980களிலேயே வாட்ஸ் தன்னிடம் சொன்னதாக ரிச்சர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். 2021இல் உடல்நலக் குறைவால் சுற்றுப்பயணத்துக்கு வர முடியாது என்று ஆனபோது தனக்குப் பதிலாக ஜோர்டானைக் கேட்டுக்கொண்டவரும் வாட்ஸ்தான். கொஞ்ச நாளைக்கு இருக்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

2024 மே மாதம் மெட்லைஃப் மைதானத்தில் அவர்களைப் பார்த்தேன். டிக்கெட் விலையை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. வாட்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஸ்நேரில் அடி விழும் நேரத்தில் ஹை-ஹாட்டிலிருந்து வலக்கையை எடுத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்ன மூச்சு கிடைக்கும். ரிச்சர்ட்ஸின் கிதாரைப் பார்த்துக்கொண்டு ஒரு மயிரிழை தாமதமாக வருவார். மொத்தக் குழுவும் கவிழப்போகிற மாட்டுவண்டி மாதிரி ஆடிக்கொண்டே போகும், கவிழாது. ஜோர்டான் அந்தத் தள்ளாட்டத்தை நகலெடுக்கவில்லை. அடி நடுமையத்தில் விழுகிறது, கனமாக விழுகிறது. வண்டி இப்போது தார்ச்சாலையில் ஓடுகிறது. எண்பதை எட்டிய பாடகருக்கு அது உதவி என்பதில் சந்தேகமில்லை, ஜாகர் இரண்டு மணி நேரம் ஓடி ஆடியதில் அந்த டிரம்ஸுக்கும் பங்கு உண்டு. எனக்கு ஆட்டம் குறைந்தது குறையாகத்தான் பட்டது. என் பக்கத்தில் நின்ற, 1970களிலிருந்து இவர்களைப் பார்த்துவரும் பெரியவர் ஒருவர் நேர்மாறாகச் சொன்னார்: இவ்வளவு கச்சிதமாக இவர்கள் வாசித்து அவர் கேட்டதே இல்லையாம்.

2023இல் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தில் இருவரையும் ஒன்றாகக் கேட்கலாம். வாட்ஸ் முன்பே வாசித்து வைத்திருந்த இரண்டு பாடல்கள் அதில் உண்டு, மற்றவற்றில் பெரும்பாலும் ஜோர்டான். தயாரிப்பு ஆண்ட்ரூ வாட் என்ற இளைஞர். எல்லாவற்றையும் அழுத்தி, இறுக்கி, பளிச்சென்று முன்னால் தள்ளியிருக்கிறார். ஜோர்டானின் டிரம்ஸ் அதில் யாருடையதாகவும் இருந்திருக்கலாம் என்று எனக்கு இரண்டு மூன்று இடங்களில் தோன்றியது. 1986இல் நீல் யங்கிடம் நடந்ததன் மெல்லிய சாயல். முப்பத்தேழு வருடம் கழித்து மீண்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். குழுவின் படங்களில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள்: ஜாகர், ரிச்சர்ட்ஸ், ரோனி உட். ஜோர்டான் உடன் வாசிப்பவர். மெட்லைஃபில் ஜாகர் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தி அவர் பெயரைச் சொன்னபோது கைதட்டல் பலமாகவே இருந்தது. அவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு என் யோசனை, 'டாக் இஸ் சீப்'பில் தொடங்கி, நடுவில் 'கிராவிட்டி'யை ஒருமுறை டிரம்ஸை மட்டும் கேட்டுவிட்டு, லவெட்டின் டிலன் ஆல்பத்துக்குப் போய்விடுங்கள். கேட்கும் செயலியில் பாட்டின் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் சிலவற்றில் வாசித்தவர்களின் பட்டியல் வரும். எல்லாப் பாட்டுக்கும் வருவதில்லை, வந்தாலும் பாதிப் பெயர்கள் விட்டுப்போயிருக்கின்றன. குறுந்தகட்டின் அட்டை வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.